அச்சு இறுகும் வரை

பல்லக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. 'பல்செட் செய்யிற அக்கா' என்று ஆரம்பித்தவர்கள், அத்தனை நீளத்துக்குச் சோம்பல்பட்டு, பல்லக்கா என்று சுருக்கிவிட்டார்கள். அவளும் மறுப்புச் சொல்லவில்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகு பெயருக்காகச் சண்டை போட யாருக்குத் தெம்பிருக்கிறது?

மருந்துக்கடைக்குப் பின்னால் ஓர் அறை, அதுதான் அவள் பட்டறை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் பசை வைத்து அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் இவள் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றினால், ஆளின் தாடை அப்படியே வெள்ளையாக வெளியே வரும். அதன்மேல் மெழுகு வைத்து, பல் அடுக்கி, வார்த்து, ராவி, பளபளப்பேற்றித் திருப்பி அனுப்புவாள். ஆளைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. வேலை முடிந்த தாடைகளைத் தூக்கிப்போட மட்டும் அவளுக்கு மனசு வராது. மூன்று சுவர் அலமாரிகளிலும் அவை வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. புதிதாக உள்ளே வருகிறவர்கள் முதலில் ஓர் அடி பின்னால்தான் வைப்பார்கள்.

கிருமி வந்து ஊரெல்லாம் முகக்கவசம் மாட்டியதும் அவள் தொழில் படுத்துவிட்டது. வாய்தான் மூடிக் கிடக்கிறதே, உள்ளே பல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று ஜனங்கள் இருந்துவிட்டார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் வீட்டுக்காரர் பாடு அதைவிட மோசம். திங்கட்கிழமை பள்ளி திறக்கும் என்பார்கள். மனிதர் சனிக்கிழமையே வேனைக் கழுவித் துடைத்து வைப்பார். ஞாயிற்றுக்கிழமை, இல்லை, தள்ளி வைத்தாயிற்று என்று செய்தி வரும். ஓடாத வண்டி ஒன்று அத்தனை சுத்தமாக அந்தத் தெருவிலேயே இருந்ததில்லை.

அப்புறம் தடுப்பூசி வந்தது. இப்போது எந்த வயதுக்காரர்களுக்குப் போடுகிறார்கள் என்பதை அறிய பல்லக்கா செய்தி கேட்கத் தேவையிருக்கவில்லை. முதலில் முழு செட்டுகளாக வந்து குவிந்தன. பெரியவர்கள் ஊசி போட்டுக்கொண்டு வெளியே தலைகாட்டப் போகிறார்கள் என்று அர்த்தம். சில வாரம் கழித்து அரை செட்டுகள். பிறகு ஒற்றைப் பல், இரட்டைப் பல்.

"அரசாங்கம் உன்னைக் கேட்டே கணக்குச் சொல்லலாம் போல" என்றார் வீட்டுக்காரர்.

"முன்பல் கேட்டு ஆர்டர் வரட்டும், காலேஜ் பசங்களுக்கும் போட்டாச்சுன்னு சொல்லிடறேன்."

ஆனால் அவளுக்கு இன்னும் போட்டபாடில்லை. மருத்துவத் துறையினருக்கு முதலில் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஆசையோடு போய் வரிசையில் நின்றாள். மேசையில் இருந்த அம்மாள் நல்ல மாதிரிதான். ஆனால் விதி என்றால் விதி.

"நோயாளி வாயைத் தொடுவீங்களா?"

"இல்லைங்க. பல்லை மட்டும்தான்."

"அந்தப் பல் யார் வாயிலயாவது இருக்குமா?"

"நான் செய்யும்போது இருக்காது."

"அப்போ உங்க வயசுக்காரங்களைக் கூப்பிடும்போது வாங்கம்மா."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊசிக்காக அவள் தவித்த தவிப்புக்குக் காரணமே வேறு. அப்பா முதியோர் இல்லத்தில் இருந்தார்.

அப்பா காய்கறிச் சந்தையில் ஏலம் போட்டவர். ஒலிபெருக்கி இல்லாமலே அந்தக் கோடியில் நிற்கிறவனுக்கும் விலை கேட்கும். வாயாலேயே பிழைத்து, வாயாலேயே மகளைப் படிக்கவைத்தவர். இடுப்பு ஒடிந்து நடமாட்டம் குறைந்ததும், யார் சொல்லியும் கேட்காமல் தானே இல்லத்தைத் தேடிப் பிடித்துச் சேர்ந்துகொண்டார். மகள் வாரம் தவறாமல் போய்க்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் வாசற்கதவைச் சாத்தினார்கள். அதற்கப்புறம் எல்லாமே நர்ஸம்மா நீட்டிப் பிடிக்கும் கைபேசித் திரையில்தான்.

கதவு சாத்தியிருந்த காலத்தில்தான் அப்பாவின் பல்செட் கழுவுதொட்டியில் விழுந்து இரண்டாகப் போயிற்று. நர்ஸம்மா பதறிப்போய்க் கூப்பிட்டாள். டாக்டர் யாரும் உள்ளே வர முடியாது, அப்பாவும் வெளியே போக முடியாது.

"நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்றாள் பல்லக்கா. "அவர் வாய் என் அலமாரியில இருக்கு."

அது உண்மை. டாக்டர்கள் யாரையும் நம்பாமல், அப்பாவுக்கு மட்டும் அவளே பசை வைத்து அச்செடுத்திருந்தாள். அவள் கை நுழைந்த ஒரே வாய் அது. பழைய தாடையை எடுத்துத் தூசி தட்டி, சோறு தண்ணீர் பார்க்காமல் உட்கார்ந்து, புதிய செட் செய்து வாசற்கதவில் கொடுத்துவிட்டு வந்தாள். அன்று மாலையே திரையில் அப்பா அதை மாட்டிக்கொண்டு சிரித்தார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். தன் வேலையில் அவளுக்கு அவ்வளவு பெருமை அதற்குமுன் வந்ததே இல்லை.

அதற்குப் பிறகு அப்பா பேச்சைக் குறைத்தார். முதலில் அவளுக்கு அது உறைக்கவில்லை. கேட்டதற்குத் தலையாட்டுவார், சிரிப்பார். "சாப்பிட்டீங்களாப்பா?" சிரிப்பு. "தூக்கம் வருதா?" சிரிப்பு. வர வர அந்தச் சிரிப்பு மட்டும்தான் மிச்சமிருந்தது. அப்புறம் சாப்பாடும் குறைந்தது.

அவளுடைய முறை ஒருவழியாக வந்து முதல் ஊசி போட்டாயிற்று. இரண்டாவதற்குப் போனால், ஊசி போடும் பள்ளிக்கூட விளையாட்டறை வாசலில் 'இன்று மருந்து இருப்பு இல்லை' என்று பலகை தொங்கியது. மறுபடி போனாள், மறுபடி பலகை. அந்தச் சமயம் பார்த்து நர்ஸம்மா கூப்பிட்டாள். குரல் தயங்கியது.

"அக்கா, ஐயா யார்கிட்டயும் பேசறதில்ல. கேட்டா வெறுமனே சிரிக்கிறார். எடையும் இறங்கிட்டே போகுது. ஞாபகம் போயிட்டிருக்கோன்னு டாக்டர் சந்தேகப்படறார். இந்த மாசக் கடைசியில மேல்மாடிக்கு மாத்திடலாம்ங்கறார்."

மேல்மாடி என்றால் தன்னையே மறந்தவர்கள் இருக்கும் இடம். பல்லக்கா கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "இல்லத்தையெல்லாம் திறக்கப் போறாங்கன்னு சொன்னாங்களே?"

"கீழ்த்தளம் மட்டும்தான்க்கா. ஒருத்தருக்கு ஒரு ஆள், அரைமணி நேரம், ரெண்டு ஊசியும் போட்டிருக்கணும். மேல்மாடிக்கு இப்போதைக்கு யாரையும் விடமாட்டாங்க. அடுத்த உத்தரவு எப்ப வரும்னு எங்களுக்கே தெரியாது."

அன்றிலிருந்து வீட்டுக்காரர் பொழுது விடிவதற்குள் போய் வரிசையில் இடம் பிடித்தார். இல்லை என்று சொன்னால் திரும்பி வருவார், மறுநாள் மறுபடி போவார். வேன் ஓட்ட வழியில்லாத மனிதருக்கு ஒரு வேலை கிடைத்தது. மருந்து வந்த அன்று அவர் போனில் கத்திய கத்தலில், அவள் மெழுகுக் கத்தியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். ஊசி போட்ட பெண் வலிக்கிறதா என்று கேட்டாள். வலித்ததாக அவளுக்கு ஞாபகமே இல்லை. பிறகு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அந்த இரண்டு வாரத்தில் அவள் கும்பிடாத தெய்வம் இல்லை.

மாசக் கடைசிக்குச் சற்று முன்னால், ஒரு வியாழக்கிழமை, இல்லத்தின் கதவு திறந்தது.

கீழ்த்தளத்தில் ஒரு மூலையறையைப் பார்வையாளர்களுக்கென்று ஒழித்து வைத்திருந்தார்கள். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. நர்ஸம்மா அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். திரையில் பார்த்ததைவிடப் பாதி உருவமாக இருந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து இரண்டு சுற்று சுற்றலாம் போலிருந்தது. மகளைப் பார்த்ததும் கண்ணெல்லாம் மலர்ந்து சிரித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

"அப்பா, நான் யாருன்னு தெரியுதா?"

தலையாட்டினார். சிரிப்பு.

"யாரு, சொல்லுங்க?"

சிரிப்பு மாறவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் கட்டியது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் பல்லக்கா. தொடலாமா என்று நர்ஸம்மாவைப் பார்த்தாள். அவள் சரியென்று கண்ணைக் காட்ட, குனிந்து அப்பாவின் கன்னத்தைத் தடவினாள்.

தடவிய கை சட்டென்று நின்றது. வெறும் மகளின் கையாக இருந்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது; தொழில்காரியின் கை அது. கன்னத்துக்கு உள்ளே பல்செட்டின் ஓரம், இருக்க வேண்டிய இடத்தைவிட்டு நழுவி நின்றது. அதைக் கீழே விழாமல் நிறுத்த, தாடை இரண்டும் பலங்கொண்ட மட்டும் கடித்திருந்தன. கன்னத் தசை விண்ணென்று இருந்தது.

"வாயைத் திறங்க."

மாட்டேன் என்று தலையாட்டினார்.

"அப்பா. திறங்க."

"சாப்பிடற நேரத்துல கழட்டி டப்பாவுல போட்டுடுவார்க்கா" என்றாள் நர்ஸம்மா. "சூப்பு மட்டும் குடிப்பார். நீங்க போன்ல வர்ற நேரம் பார்த்துக் கேட்டு வாங்கி மாட்டிப்பார். வயசானவங்க சில பேர் அப்படித்தான்னு நாங்க விட்டுட்டோம்."

பல்லக்கா கையைக் கழுவி, உறை மாட்டிக்கொண்டு, அப்பாவின் உதட்டை விரலால் விலக்கினாள். இரண்டு செட்டையும் கழற்றினாள். கீழ்ச் செட் இருந்த இடத்தில் ஈறு சிவந்து புண்ணாகிக் கிடந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. அலமாரியில் இருந்த தாடை பல வருஷத்துக்கு முந்தையது. பிளாஸ்டர் மெலிவதில்லை, மனிதர் மெலிந்திருந்தார், ஈறு கரைந்திருந்தது. ஆளைப் பார்க்காமலே பல் செய்து பழகியவள், அப்பாவையும் பார்க்காமலே செய்துவிட்டாள்.

"ஏன்ப்பா சொல்லல? எத்தனை மாசம்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

இரண்டு செட்டும் வெளியே வந்துவிட்டதால் அப்பாவுக்கு இனி மறைக்க ஒன்றுமில்லை. பொக்கைவாயைத் திறந்தார்.

"நீ பாவம், ராப்பகலா உட்கார்ந்து செஞ்சு அனுப்பின. ஆசையா எப்படி இருக்குன்னு கேட்ட. நல்லா இல்லன்னு எப்படிப் பாப்பா சொல்றது? வாயைத் திறந்தா விழுந்துடும். கழட்டி வச்சுட்டுப் பேசினா, ஏன் மாட்டலன்னு கேட்டு உன்கிட்ட சொல்லிடுவாங்க. அதான் திறக்கல."

பாப்பா. ஐம்பத்து சொச்சம் வயதுப் பாப்பா நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அழுகையின் நடுவிலேயே சிரித்தாள். அப்பாவோ, அடைத்து வைத்திருந்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டார். மாப்பிள்ளை வேனை எடுத்தாரா, மருந்துக்கடைக்காரன் அறை வாடகையைக் கூட்டினானா, அவள் முன்பு சொன்ன முழங்கால் வலி என்ன ஆயிற்று, ஒன்றையும் அவர் மறந்திருக்கவில்லை. நர்ஸம்மா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். பிறகு ஓடிப்போய் டாக்டரைக் கையோடு அழைத்து வந்தாள்.

டாக்டர் இளவயதுக்காரர், பொறுமைசாலி. நாற்காலி முன்னால் குந்தி உட்கார்ந்து, "ஐயா, இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டார்.

"எல்லா நாளும் ஒரே சூப்பைக் குடுத்துட்டுக் கிழமையைக் கேட்டா எப்படி டாக்டர்?" என்றார் அப்பா. "ஆனா பாப்பா வந்திருக்கா. வியாழக்கிழமைதான் கதவைத் திறப்போம்னு சொல்லியிருந்தாங்க. அப்போ வியாழன்."

டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எழுந்து, புண்ணை ஒருமுறை பார்த்து, தடவ மருந்து சொல்லிவிட்டு, பல்லக்காவின் பக்கம் திரும்பினார். "மேல்மாடி எல்லாம் வேண்டாம். இங்கேயே இருக்கட்டும். நீங்க முதல்ல பல்லைச் சரி பண்ணிக் குடுங்க. அவர் சாப்பிட்டாலே போதும்."

பல்லக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டாக்டரைப் பார்த்து நன்றி சொன்னாள். கையைக் குவித்தாள். வாசலில் வேனோடு நின்றிருந்த வீட்டுக்காரரைப் பட்டறைக்கு விரட்டினாள். மருந்துக்கடைச் சந்து அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். அப்பாவின் வாய் அளவுக்கான அச்சுத் தட்டும் பசை மாவும் நிமிஷத்தில் வாசலுக்கு வந்து சேர்ந்தன. புண்ணுக்கு உறுத்தாத மெத்துப் பசையாகப் பார்த்துக் கரைத்துத் தட்டில் நிரப்பி, அப்பாவின் வாயில் வைத்தாள். ஒரு கை உள்ளே தட்டை அழுத்தியிருக்க, மறுகையால் மோவாயைத் தாங்கிக்கொண்டாள். பசை இறுகும் வரை அசையக் கூடாது, பேசவும் கூடாது.

அத்தனை மாதமாகப் பேசத் துடித்தவர்கள் இருவரும் இப்போது வாய் பேசாமல், முகத்துக்கு முகம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் மூச்சு அவள் மணிக்கட்டில் சூடாகப் பட்டது. மோவாயில் இரண்டு நாள் தாடி குத்தியது. அதைவிடச் சுகமான ஒன்றை அவள் கை தொட்டதில்லை.

நர்ஸம்மா கதவருகே வந்து நின்றாள். வெளியே அடுத்தவர் காத்திருந்தார். "அக்கா, நேரம் ஆயிடுச்சு. இன்னும் இறுகலையா?"

அந்தப் பசை இறுகி நல்ல நேரம் ஆகிவிட்டது. பல்லக்காவின் விரலுக்கு அது தெரியும். முன்பே அவள் கையில் அச்சுக்கொடுத்த அப்பாவின் ஈறுக்கும் தெரியும்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள் அவள்.

அப்பா வாய் நிறையப் பசையை வைத்துக்கொண்டு, நர்ஸம்மாவைப் பார்த்து, இல்லவே இல்லை என்று கையை ஆட்டினார்.