முயலுக்கு ஒட்டிய எலும்பு

வாலிநோக்கத்துக் கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் மீனின் ஓடுகளை எனக்காகப் பொறுக்கியது என் அக்கா. முதுகுளத்தூர்ப் பக்கத்து மிளகாய்க்காட்டு ஊரிலிருந்து உப்பளத் தொழிலாளி ஒருவரைக் கட்டிக்கொண்டு அங்கே போனவள். அவளும் உப்பு சுமந்தாள். நான் அப்போது மதுரையில் மருந்தியல் ஆராய்ச்சி மாணவி. கணவாய் ஓடு வெறும் சுண்ணாம்புதான். ஆனால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத அளவில் அறை அறையாக இருக்கும். பாஸ்பேட் கரைசலில் போட்டு, இறுக மூடிய கலத்தில் சூடேற்றினால், அறைகள் குலையாமல் எலும்பிலிருக்கும் தாதுவாகவே மாறிவிடும். உடைந்த எலும்பின் இடைவெளியில் அதை வைத்தால் அறைகளுக்குள் புது எலும்பு வளரும் என்பது எங்கள் நம்பிக்கை. முயல்களில் சோதித்துக்கொண்டிருந்தோம்.

அக்கா ஓடுகளை நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றிவிடுவாள். "ஒடஞ்ச ஓட்டை அனுப்ப மாட்டேன்த்தா. முழுசாத்தான் பொறுக்குவேன்" என்பாள். எப்படியும் சிறு துண்டுகளாக உடைக்கத்தான் போகிறோம் என்று நான் அவளிடம் சொன்னதில்லை.

மழை இறங்குவதற்குள் உப்பை ஏற்றிவிட எல்லோரும் ஓடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், லாரியில் சாத்தியிருந்த பலகை சறுக்கி அக்கா கீழே விழுந்தாள். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. தகடு வைத்துத் தைத்தார்கள். சீழ் பிடித்தது. தகட்டை எடுத்துவிட்டு, அழுகிய எலும்பையும் வெட்டியெடுத்தார்கள். எக்ஸ்ரேயில் அந்த இடம் கறுப்பாக, வெறுமையாக இருந்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். ஒரு நாள் தலை வாரிவிடும்போது கேட்டாள்.

"ஏத்தா, நீ அந்த ஓட்டுல செய்யிறதை இங்கன வைக்கக் கூடாதா?"

"இன்னும் முயலுக்குத்தான்க்கா வச்சுப் பாக்குறோம். மனுசங்களுக்கு வைக்க வருசக்கணக்கா ஆகும்."

"முயலுக்கு வைப்ப, அக்காளுக்கு வைக்க மாட்டியா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குச் சீப்பு ஓடவில்லை.

அனுமதி இல்லை என்பது மட்டும் காரணமல்ல. சீழ் இருக்கும் எலும்பில் எங்கள் பொருள் நிற்காது. அதற்காகவே கிருமிக்கொல்லி மருந்தை அந்த அறைகளுக்குள் ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காயும்போது மருந்து உள்ளே தங்காமல் மேற்பரப்பில் ஊசி ஊசியாகப் படிகம் கட்டிவிடும். கரைசலில் போட்டால் அத்தனையும் உடனே கரைந்து போகும். எலும்புக்கோ வாரக்கணக்கில் மருந்து கசிய வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஆய்வகம் போவேன். உலர்த்தும் சூட்டை மாற்றினேன், கரைப்பானை மாற்றினேன். நுண்ணோக்கியில் பார்த்தால் மறுபடியும் அதே ஊசிகள்.

அதற்குள் அக்காவுக்குக் காய்ச்சல் ஏறி, நினைவு தப்பத் தொடங்கியது. "காலைப் பார்த்தா ஆள் மிஞ்சாதும்மா" என்றார் அறுவை மருத்துவர். மச்சான் கையெழுத்துப் போட்டுவிட்டு வராந்தாச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

அக்கா பிழைத்தாள். உப்பளத்துக்குத் திரும்ப முடியாமல் எங்களைப் பெற்ற அய்யா வீட்டுக்கே வந்துவிட்டாள். மச்சான் முதலில் வாரம் ஒருமுறை வந்தார். பிறகு பொங்கலுக்கு வந்தார். பிறகு வரவில்லை.

மறு வருடம், மருந்து ஏற்றாத ஓட்டை வைத்தே, எங்கள் முயல்களின் முறிந்த எலும்பு கூடியது. ஆய்வகத்தில் எல்லோரும் கை குலுக்கினார்கள். நான் ஊருக்குப் போனபோது அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அய்யாதான், யாரிடம் கேட்டாரோ, "பாப்பா செஞ்சது பலிச்சிருச்சாம்" என்று அவளிடம் சொல்லிவிட்டிருந்தார்.

அக்கா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். "நல்லதுத்தா" என்றாள். மெல்லப் பாயில் சாய்ந்து படுத்தாள். பிறகு, "அந்தப் பாதம் அரிக்குதுத்தா. இல்லைன்னு தெரியுது, ஆனாலும் அரிக்குது. கொஞ்சம் சொறிஞ்சு விடு" என்றாள்.

எங்கே என்று கேட்டேன். பாயில் ஓரிடத்தைக் காட்டினாள். அங்கே சொறிந்தேன். "இன்னும் கீழ" என்றாள் கண்ணை மூடிக்கொண்டு.