கோழியோடு வந்த குஞ்சுகள்

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் எஸ்டேட்டில் கோழிக்கும் வரி இருந்தது. ஐந்து கோழி வளர்த்தால் ஒன்றை ஆபீசுக்குக் கொடுத்துவிட வேண்டும். அங்கிருந்து லாரியில் பகாவ் டவுனில் இருந்த ஜப்பான்காரனுக்குப் போய்விடும். அப்போது நான் மூத்தவளை வயிற்றில் சுமந்திருந்தேன். எங்களிடம் இருந்ததே ஐந்து கோழிகள். ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் வந்து இரண்டைப் பிடித்துக்கொண்டு போனார்.

என் வீட்டுக்காரர் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவர். அதிர்ந்து பேச மாட்டார். ஆனால் மறுநாளே ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியிடம் போய், ஒரு கோழி கூடுதலாகப் போய்விட்டது என்று சொல்லிவிட்டு வந்தார். அது இந்நேரம் யார் வீட்டிலோ குழம்பாகியிருக்கும் என்று நான் நினைத்தேன்.

ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆபீஸ் ஆள் ஒருவர் கூடையோடு வந்தார். உள்ளே எங்கள் கறுப்புக் கோழி. இறக்கைக்கு அடியில் நான்கு குஞ்சுகள்! லாரியில் ஏற்றாமல் ஆபீஸ் பட்டியிலேயே கிடந்தபோது அடைகாத்துப் பொரித்ததாம். வந்த சந்தோஷத்தில் அவருக்கு அவித்த மரவள்ளிக்கிழங்கு கொடுத்து அனுப்பினேன்.

வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர் குஞ்சுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலையும் ஆபீஸ்ல சொல்லிடணும் புள்ள."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கோழி நம்மளது. அப்ப குஞ்சு யாருதாம்?"

"நம்மளதுதான். அதனாலதான் சொல்லணும். புதுசா வந்தா எழுதிக் குடுக்கணும்ல?"

"ஊரே கோழிய ரப்பர் காட்டுல ஒளிச்சு வச்சிருக்கு. ஒங்களுக்கு மட்டும் என்னவாம்?"

"ஒண்ணு கூடுதலாப் போச்சுன்னு கேக்கப் போனேன். கூட வந்தப்ப வாய மூடிக்கிட்டா எப்படி லா?"

போய்ச் சொல்லியும்விட்டார். "அந்தக் கோழியத் திருப்பி வாங்கவே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நீ குஞ்சுக்கு வேற வந்து நிக்கிற" என்று கிராணி தலையில் அடித்துக்கொண்டாராம். ஆனாலும் எழுதிக்கொண்டார்.

குஞ்சுகள் வளர்ந்ததும் மண்டோர் வந்தார். நான் பார்த்துப் பார்த்துத் தீனி போட்ட சேவலையே பிடித்துக்கொண்டு போனார். அன்று முழுக்க நான் வீட்டுக்காரரோடு பேசவில்லை. அவராகவே தண்ணீர் தூக்கி வந்தார், கிழங்கு அவித்தார், அடுப்படியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எம்மேல கோவமா?"

"இல்ல, சேவல் மேல."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மகள் பிறந்த சமயம் மிச்சமிருந்த கோழிகள் முட்டையிட ஆரம்பித்திருந்தன. தினமும் ஒன்றை அவித்து, ஓடு உரித்து என் கையில் கொடுப்பார். பாதி எடுத்துக்கொள்ளுங்கள் என்றால், "எனக்கு முட்ட வாடையே சேராது" என்று கிழங்கைத் தின்றுகொண்டிருப்பார். நானும் நம்பினேன்.

ஜப்பான் சண்டை முடிந்த பிறகு ஒருநாள் பகாவ் போயிருந்தோம். காப்பிக் கடையில் அரைவேக்காட்டு முட்டை இரண்டை வாங்கி, மிளகுத்தூள் போட்டு, கிண்ணத்தில் ஒரு சொட்டு விடாமல் குடித்தார். நான் பிள்ளைக்கு ரொட்டி ஊட்டுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.