கொள்ளிடத்தில் கைச்சாடை

ராணுவத்தில் லெப்டினன்டாகச் சேர்ந்த இரண்டாவது வருஷம் என் பொறுப்பில் ஒரு படகுப் பிளட்டூனைக் கொடுத்தார்கள். வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்பது, ஆற்றின் குறுக்கே மிதவைப் பாலம் போடுவது, இதெல்லாம் எங்கள் வேலை. அந்தப் பிளட்டூனில் ஒரு ஹவில்தார் இருந்தார். கூத்தாநல்லூர்க்காரர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். "எங்க தெருவுல எல்லாரும் சிங்கப்பூர், துபாய்னு போனாங்க மேடம். நான் ஒருத்தன்தான் பட்டாளத்துக்கு வந்தேன்" என்று முதல் நாளே சொன்னார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

படகு என்ஜினில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு காலத்தில் எங்கள் படைப்பிரிவு முழுக்கப் பேச்சாம். நான் போய்ச் சேர்ந்தபோது பேச்சு வேறு மாதிரி இருந்தது. சொன்ன வேலையைப் பாதியில் விட்டுவிடுகிறார், கூப்பிட்டால் திரும்புவதில்லை, இடப்பக்கம் என்றால் வலப்பக்கம் போகிறார். ஜவான்கள் முதுகுக்குப் பின்னால் அவரை 'டியூப்லைட்' என்றார்கள். பிளட்டூனின் சுபேதார் அனுபவசாலி, நேராகப் பேசுகிறவர். ஒருநாள் என்னிடம் வந்து, "மேடம், அவர் நல்ல மனுஷன்தான். ஆனா தண்ணியில நம்பி விட முடியாது. ஸ்டோருக்கு மாத்திடுங்க" என்றார். கம்பெனி கமாண்டரும் எழுத்து மூலமாக எச்சரிக்கை கொடுக்கச் சொன்னார். கொஞ்சம் பொறுங்கள், நான் பார்க்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன்.

அப்படிக் கேட்டதில் பெரிய கொள்கை ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்த வழி அதுதான். என் அம்மா திருவிடைமருதூர்ப் பக்கம் பிறர் வயலில் நடவு நட்டவர். இப்போது எங்களுக்கென்று கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை என்று இருக்கிறது. பள்ளி விடுமுறையில் நானும் அம்மாவோடு வயலில் இறங்கியிருக்கிறேன். நடவில் ஒருத்தி பின்தங்கினால் அவளைக் கரையேறச் சொல்ல மாட்டார்கள். இரண்டு பக்கமும் நிற்கிறவர்கள் கையை எட்டிப் போட்டு, அவள் பங்கிலும் நாலு குத்து நாற்று சேர்த்து நட்டுவிடுவார்கள். வரிசை கோணாது. "என்னடி, உடம்பு சரியில்லையா?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுக்கொள்வார்கள். அகாடமியில் தலைமைப் பண்பு பற்றி எனக்கு எத்தனையோ பாடம் எடுத்தார்கள். ஆனால் ஹவில்தாரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேள்விதான் வாயில் வந்து நின்றது.

கேட்டும் பார்த்தேன். "ஒண்ணுமில்ல மேடம், நல்லாத்தான் இருக்கேன்" என்பதுதான் பதில். வீட்டில் ஏதாவது கவலையா என்றால் அதுவும் இல்லை. காலை அணிவகுப்பில் எதிரே நின்று நான் சொல்லும் உத்தரவை ஒரு எழுத்து பிசகாமல் செய்கிற மனிதர், படகில் ஏறினால் ஏன் தடுமாறுகிறார் என்பது எனக்குப் பிடிபடவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மேலே அணைகள் நிரம்பிக் கொள்ளிடத்தில் வெள்ளம் புரண்டது. படுகைக் கிராமங்களில் ஆட்கள் சிக்கியிருப்பதாகச் செய்தி வந்தது. படுகை என்றால் ஆற்றின் கரைக்கு உள்ளேயே இருக்கும் மேட்டு நிலம். வாழையும் கரும்பும் அங்கே செழிக்கும், வெள்ளம் வந்தால் முதலில் முழுகுவதும் அதுதான். மாவட்ட நிர்வாகம் உதவி கேட்டதும் எங்கள் பிளட்டூனை அனுப்பினார்கள். என் சொந்த ஊருக்குச் சற்றுத் தள்ளியிருந்த ஒரு கல்யாண மண்டபத்தில், சீருடையோடும் படகுகளோடும் போய் இறங்கினேன். மணமக்கள் உட்காரும் மேடையில் என்ஜின்களை வரிசையாக வைத்தோம்.

முதல் நாள் நான் ஹவில்தாரின் படகிலேயே ஏறினேன். அவர் பின்னால் என்ஜினைப் பிடித்திருந்தார், நான் முன்னால் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். செம்மண் நிறத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. கொஞ்ச தூரத்தில் முழுகிய வேலிக்கால் ஒன்று கண்ணில் பட்டது. "லெஃப்ட்! லெஃப்ட்!" என்று கத்தினேன். படகு திரும்பவே இல்லை. அடியில் ஏதோ உரசியது, என்ஜின் உறுமி நின்றது, நாங்கள் அப்படியே ஒதுங்கி ஒரு நாணல் புதரில் போய்ச் சிக்கினோம். யாருக்கும் அடி இல்லை. புரொப்பல்லரைப் பிடித்திருக்கும் 'பின்' என்ற சிறு ஆணி மட்டும் முறிந்திருந்தது.

கூட வந்த ஜவான் முகத்தைச் சுளித்துக்கொண்டான். ஹவில்தார் என்ஜினைத் தூக்கி வைத்துப் பின்னை மாற்றத் தொடங்கினார். என்ன வேகம், என்ன நேர்த்தி! அந்தக் கைகளைப் பார்த்தால் மந்தமான ஆளின் கைகள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் எழுந்துபோய் அவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பிளாஸ்கில் டீ இருந்தது.

"டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

பதில் இல்லை. என்ஜின் நின்றிருந்தது, தண்ணீர் சலசலப்பைத் தவிர வேறு சத்தமே இல்லை. இன்னொரு தடவை கொஞ்சம் உரக்கக் கேட்டேன். அவர் பின்னைத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் நகர்ந்து அவர் முகத்துக்கு நேரே வந்து அதே கேள்வியை மெதுவாகக் கேட்டேன்.

"குடுங்க மேடம்" என்று உடனே சிரித்தபடி கையை நீட்டினார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அணிவகுப்பில் என் முகம் தெரிகிறது, படகில் தெரிவதில்லை.

அன்று சாயங்காலம், படகுகளைக் கரையில் ஏற்றிக் கட்டிய பிறகு, மற்றவர்கள் மண்டபத்துக்குப் போகட்டும் என்று காத்திருந்து அவரை நிறுத்தினேன். எதிரே நின்று கேட்டேன்.

"எந்தக் காது?"

இடது காதைத் தொட்டுக் காட்டினார். "இடதுல சுத்தமா இல்ல மேடம். வலதுல பாதி இருக்கும். மலையில ரோடு போட வெடி வச்ச காலத்துலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா போச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா மெடிக்கல் கேட்டகிரி இறங்கிடும். படகுலேர்ந்து எடுத்துருவாங்க. அடுத்த ரேங்கான நாயிப் சுபேதார் ஆகாமலே ஊருக்குப் போகணும். டியூப்லைட்டுன்னு சொன்னாலும் பரவால்ல, செவிடுன்னு சொல்லிடக் கூடாதுன்னு நெனச்சேன்."

அந்தப் பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது என்பது எனக்கு வேதனையாக இருந்தது. இதை மறைத்து வைக்க என்னால் முடியாது, தண்ணீரில் மற்றவர்களின் உயிரும் இருக்கிறது என்று அவரிடம் வெளிப்படையாகச் சொன்னேன். "ஆனா உங்கள விட்டுட மாட்டேன். இங்க வேல முடிஞ்சதும் நானே உங்ககூட ஆஸ்பத்திரிக்கு வர்றேன். நாளைக்குக் காலையில கையச் சாடை காட்டி ஓட்டிப் பாப்போம். சரியா வந்தா படகு உங்களுக்கு. வரலேன்னா வேற ஆள் ஓட்டட்டும், நீங்க என்ஜின்களப் பாத்துக்குங்க. சம்மதமா?"

"சம்மதம் மேடம்" என்றார். பாரம் இறக்கியவர் மாதிரி பெருமூச்சு விட்டார்.

கம்பெனி கமாண்டருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஒத்திகை பார்த்துவிட்டு முடிவெடு, பொறுப்பு உன்னுடையது என்றார் அவர். ஹவில்தாரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு சுபேதாரிடமும் சொன்னேன். சுபேதார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அட, இது தெரியாம நான் எத்தன தடவ அந்த மனுஷனத் திட்டியிருக்கேன்" என்றவர், காலையில் எங்களுக்கு முன்பே கரையில் வந்து நின்றார்.

தண்ணீர் அவ்வளவாக இழுக்காத ஓரத்தில் ஒத்திகை நடத்தினோம். இந்த முறை நான் படகின் முனையில் ஹவில்தாரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். முன்னால் பார்க்கும் வேலையை ஒரு ஜவானுக்குக் கொடுத்தேன். அவன் என் தோளைத் தட்டுவான், நான் கையைக் காட்டுவேன். கை நீட்டினால் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும், முஷ்டி மடக்கினால் நிறுத்த வேண்டும், உள்ளங்கையைத் தாழ்த்தினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். கொஞ்ச நேரத்திலேயே படகு நூல் பிடித்த மாதிரி போனது. கரையிலிருந்து பார்த்த சுபேதார், "இத எல்லாப் படகுக்கும் வச்சிக்கலாம் மேடம். என்ஜின் சத்தத்துல எங்களுக்கு மட்டும் என்ன கேக்குது?" என்றார். அன்றிலிருந்து யாரும் தொண்டை கிழியக் கத்தவில்லை.

மதியம் ஒரு படுகை வீட்டுக்குப் போனோம். மாட்டுக்கொட்டகையின் ஓட்டுக் கூரைமேல் கணவனும் மனைவியும் இரண்டு ஆடுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஹவில்தார் சுற்றிலும் வாழைத்தலைகள் மட்டும் தெரிந்த தண்ணீரை ஒரு தரம் பார்த்தார். "அந்தப் பக்கம் நேராப் போனா வாய்க்கால்ல விழுந்துருவோம் மேடம், அங்க இழுப்பு வேற மாதிரி இருக்கு பாருங்க" என்று சொல்லிச் சுற்றிக்கொண்டு போய்க் கூரையோடு படகை ஒட்டினார். அந்த அம்மாள் ஏற மறுத்தார்.

"ஆடு வராம நான் வரமாட்டேன். நீங்க போயிட்டு வாங்க."

ஹவில்தார் அவர் வாயையே கூர்ந்து பார்த்திருந்துவிட்டு, "ஆட்டுக்கும் சட்ட போட்டுவிடுறோம்மா, ஏறுங்க" என்று ஒரு லைஃப் ஜாக்கெட்டைத் தூக்கிக் காட்டினார். அந்த நிலைமையிலும் அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு பேரும் ஏறினார்கள், ஆடுகளையும் சேர்த்து.

திரும்பும்போது ஆற்றின் இழுப்பு கூடியிருந்தது. முன்னால் பார்த்த ஜவான் என் தோளைப் பலமாகத் தட்டினான். அறுந்த மின்கம்பி ஒன்று தண்ணீர்மேல் தாழ்ந்து தொங்கியது. நான் வலப்பக்கம் கையை வீசினேன். கை முழுதாக நீள்வதற்குள் படகு திரும்பிவிட்டது. கம்பி எங்களுக்கு எட்டாத தூரத்தில் விலகிப் போனது. அந்த அம்மாள் ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். ஹவில்தார் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். அந்தத் தலையசைப்பு எனக்குப் போதுமானதாக இருந்தது.

வெள்ளம் வடிந்து நாங்கள் கிளம்ப இருந்த நாளில், என் அப்பா எல்லோருக்கும் இட்லியும் சாம்பாரும் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார். ஹவில்தாரோடு வெகுநேரம் ஆற்றைப் பற்றியும் குறுவையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் காட்டி, "தம்பி, இவ உங்களயெல்லாம் பாத்து ரொம்பக் கத்துவாளா?" என்று கேட்டார்.

"கத்துனா எனக்குக் கேக்காதுங்க ஐயா. காது மந்தம். அதான் கையக் காட்டுறாங்க" என்றார் ஹவில்தார், அத்தனை ஜவான்களும் கேட்க. அவரே முதலில் சிரித்தார், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பட்டப்பெயரை யார் சொல்லியும் நான் கேட்டதில்லை.

சொன்னபடியே அவரோடு ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தினார். டாக்டர் முன்பே வந்திருக்க வேண்டும் என்று கடிந்துகொண்டார். இருப்பதைக் காப்பாற்றிவிடலாம் என்றும் சொன்னார். காதுக்கருவி கொடுத்தார்கள். அவர் பயந்தபடியே கேட்டகிரி இறங்கியது. வெள்ளத்தில் படகு ஓட்டும் பணியிலிருந்து எடுத்தார்கள். ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தார். நான் சொன்ன ஆறுதல் எதுவும் ஏறவில்லை. அவரை மாற்றச் சொன்ன அதே சுபேதார்தான் கடைசியில் போய், "என்ஜின் பயிற்சிக்கு ஆள் இல்லாம திண்டாடுறோம், வாங்க" என்று கையோடு கூட்டிக்கொண்டு போனார். அங்கே அவர் மறுபடி பழைய மனிதர் ஆனார். கூட இருந்தவர்களைவிடத் தாமதமாகத்தான், என்றாலும் நாயிப் சுபேதார் பதவியும் வந்தது.

எனக்கு இப்போது வேறு ஊர், வேறு பிளட்டூன். போன மாதம் வீடியோ காலில் வந்தார். மழைக்காலத்துக்கு முன்னால் என்ஜின்களைப் பிரித்து மாட்டப் பசங்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். கையெல்லாம் கிரீஸ், முகம் நிறையச் சிரிப்பு. அன்று முழுக்க எனக்கு வேலை செய்த களைப்பே தெரியவில்லை.