குருந்தமுடையான் என்ற பெயர்

ஒரு மனிதன் உயிரோடு இல்லை என்று எழுதிவிட்டால், அவன் இல்லாமல் போய்விடுவானா? பேராச்சியின் வாழ்க்கை இந்தக் கேள்வியில் வந்து நின்றது.

அவள் கணவன் குருந்தமுடையான் ரங்கூனுக்குக் கப்பலேறி எட்டு வருடமாகத் தகவல் இல்லை. சுந்தரபாண்டியத்தில் இருந்த அவன் நிலத்தைக் கொழுந்தன் உழத் தொடங்கியிருந்தான். கணவன் இறந்துவிட்டதாக மனுக் கொடுத்தால்தான் அது அவளுக்கு வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்றில், ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வாசலில் மனு எழுதும் அபுபக்கர் ராவுத்தரிடம் போனாள். புருஷன் பெயரை அவள் வாயால் சொல்லும் வழக்கமில்லை. கூட வந்த பக்கத்து வீட்டுத் தங்கபாய் சொன்னாள்.

"இந்தப் பேரச் சொன்னா கோர்ட்டுக்காரனுக்கு நாக்கு சுளுக்கிக்கிடும்," என்றார் ராவுத்தர். பேராச்சியும் சிரித்துவிட்டாள்.

எழுதியதை அவர் ஆங்கிலத்தில் உரக்கப் படித்தார். அவளுக்குப் புரிந்தது அந்தப் பெயர் மட்டும்தான். அது வாக்கியத்துக்கு வாக்கியம் வந்தது. ராமசாமி என்றிருந்தால் வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். இது அந்த வட்டாரத்தில் வேறு யாருக்கும் இல்லாத பெயர்.

"அந்தப் பேரு கடைசியா வந்த எடத்துல அவியளப் பத்தி என்ன சொல்லுது?" என்று கேட்டாள் பேராச்சி.

"செத்துட்டாருன்னு சொல்லுது, தாயி. அதுக்குத்தான வந்திருக்க?"

"ஏட்டி, வெரல நீட்டு," என்றாள் தங்கபாய்.

கைநாட்டு வைக்க மையைத் தொட்டிருந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு பேராச்சி எழுந்துவிட்டாள். நிலம் கொழுந்தனோடு போயிற்று. இருபது வருடம் அதே நிலத்தில் கூலிக்குக் களையெடுத்தாள்.