வலது இருக்கையில் அக்கா

எங்கள் அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறி இன்றோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு ஆராதனைக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும், நண்பர்களுக்கும், அக்காவோடு விமானம் ஓட்டிய தோழர்களுக்கும் எங்கள் அன்பான வணக்கம். துக்கம் ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் சிரிப்புதான் முந்திக்கொண்டு வருகிறது.

அக்கா பிறந்தது மதுரை அவனியாபுரத்தில். அப்பா அங்கே லாரிப் பட்டறை வைத்திருந்தார். அம்மா மிஷன் பள்ளி ஆசிரியை. விமான நிலையம் பக்கத்தில் இருந்ததால்தான் அக்காவுக்கு இந்த ஆசை வந்தது என்று சொந்தக்காரர்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மை வேறு. சிம்மக்கல் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினாலே அக்கா வாந்தி எடுப்பார். ஒருநாள் கூட்டத்தில் இடமில்லாமல் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அன்றைக்கு வாந்தி வரவில்லை. வீட்டுக்கு வந்ததும், "வண்டி எங்கிட்டுத் திரும்பப் போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சா வயிறு சும்மா இருக்கும்மா. நான் பெரியவளாகி எதையாச்சும் ஓட்டப் போறேன்" என்றார். அப்போது அவருக்கு வயது ஒன்பது.

அப்பா திருவாதவூரில் இருந்த நிலத்தை விற்று அக்காவை வடநாட்டில் ஒரு பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பினார். உரிமம் வாங்கி வந்தபிறகும் மூன்று ஆண்டுகள் வேலை கிடைக்கவில்லை. விமானி உரிமத்தைப் பீரோவில் வைத்துவிட்டு, விமான நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் நின்றார். ஐம்பது பேர் உட்காரும் சிறிய ஜெட் விமானங்களை ஓட்டிய ஒரு நிறுவனம் பிறகு அவரைத் துணை விமானியாகச் சேர்த்துக்கொண்டது. ஏழு ஆண்டுகளில் கேப்டன் ஆனார்.

அந்தச் சின்ன விமானத்தின்மேல் அவருக்கு அத்தனை பிரியம். "பெருசெல்லாம் டவுன் பஸ்ஸுடா தம்பி. என்னுது ஷேர் ஆட்டோ. ஏறுற அம்புட்டுப் பேரு மூஞ்சியவும் பாத்துரலாம்" என்பார். கல்யாணத்தைப் பற்றிக் கேட்ட அத்தைகளுக்கு, "ஊர்ல தங்குறது மாசத்துக்கு எம்புட்டு நாளுன்னு பாத்துட்டுச் சொல்றேன் அத்தை" என்ற ஒரே பதிலைக் கடைசிவரை வைத்திருந்தார்.

அவருடைய நாற்பத்தாறாம் வயதில் சோதனை வந்தது. ஐம்பது பேரை மட்டும் ஏற்றிக்கொண்டு எரிபொருள் செலவைத் தாங்க முடியவில்லை என்று நிறுவனம் ஜெட் விமானங்களைத் திருப்பிக் கொடுக்க முடிவு செய்தது. பஸ் ஓட்டுபவர் அடுத்த வாரமே லாரி ஓட்டலாம். விமானிக்கு அப்படி இல்லை. எந்த வகை விமானத்தில் பயிற்சி எடுத்தாரோ அதை மட்டுமே ஓட்ட அனுமதி உண்டு. அந்த வகையே நாட்டில் இல்லாமல் போனால், இருபது ஆண்டு அனுபவமும் வீட்டில்தான் உட்கார வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபின் ஆறு விமானிகள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா மட்டன் குழம்பு வைத்திருந்தார். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. இன்னொரு நிறுவனம் அவர்களை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஆனால் அங்கே இருந்தவை இறக்கையில் காற்றாடி சுற்றும் விமானங்கள். கேப்டன்களும் முதலில் துணை விமானிகளாக, வலது இருக்கையில்தான் உட்கார வேண்டும் என்பது நிபந்தனை.

அவர்களில் மூத்தவரான தாமஸ் சார் தட்டைத் தள்ளி வைத்தார். "பத்தொம்பது வருசம் இடது சீட்டுல உக்காந்தவன் நான். இனிமே காத்தாடி விமானத்துல போயி, நேத்துப் பயகிட்ட வீலை இறக்கவான்னு கேக்கணுமாக்கும்?"

"கேட்டா என்ன சார்? இறக்காட்டித்தான் தப்பு" என்றார் அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். தாமஸ் சார் மட்டும் சிரிக்காமல் எழுந்து போய்விட்டார். அவர்கள் கிளம்பியபின் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அக்கா என்னிடம், "எனக்கும் பயமாத்தாண்டா இருக்கு. பிள்ளைக வயசுப் பசங்களோட உக்காந்து படிக்கணும்" என்றார்.

பயந்தபடியே நடந்தது. சிமுலேட்டரில் வைத்த முதல் தேர்வில் அக்கா தேறவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் பட்டறைக்குப் போன் செய்து, "பெயிலாயிட்டேன்டா. அம்மாகிட்டச் சொல்லிறாத" என்றார். நான் அன்று மாலையே சொல்லிவிட்டேன். அம்மா போனை வாங்கி, "என் கிளாசுல மூணு தடவ பெயிலானவனெல்லாம் இன்னைக்கு டாக்டரா இருக்கான். அழுகாமப் போயித் திரும்ப எழுது" என்றார். இரண்டாம் முறை அக்கா தேறினார்.

மதுரைக்கு அவர் ஓட்டிவந்த முதல் பயணத்தில் அம்மாவும் நானும் சென்னையில் ஏறினோம். அன்றைய கேப்டன் சரவணன், முன்பு ஜெட்டில் அக்காவிடம் துணை விமானியாக இருந்து, சில ஆண்டுகளுக்கு முன்பே இந்த நிறுவனத்துக்கு மாறி வந்தவர். அக்காவைப் பார்த்ததும் கூச்சத்தில் நெளிந்தார். "அக்கா, நீங்க வலது பக்கம் உக்காந்தா எனக்குக் கையே ஓடாதுக்கா" என்று விமானி அறை வாசலிலேயே நின்றுவிட்டாராம். "கை ஓடலைன்னா சொல்லு தம்பி, நான் ஓட்டுறேன். இப்ப உள்ள போ, நேரமாச்சு" என்றிருக்கிறார் அக்கா.

இறங்கும் நேரத்தில் சரவணன் மைக்கை அக்காவிடம் கொடுத்தார். "இன்னுஞ் சத்த நேரத்துல மதுரை வந்துரும். கீழ தெரியிறது வைகை. தண்ணி தெரியலைன்னு எங்கமேல கோவிச்சுக்கிறாதீக" என்ற அக்காவின் குரலைக் கேட்டு விமானமே சிரித்தது. அம்மா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்கு இரண்டு வாரம் கழித்துத் தாமஸ் சார் போன் செய்து, "அங்க இன்னும் இடமிருக்காம்மா?" என்று கேட்டார். மொத்தம் ஒன்பது பேர் அக்காவுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தார்கள். மூன்றாம் ஆண்டு அக்கா மறுபடியும் கேப்டன் ஆனார்.

பிறகு நோய் வந்தது. மருத்துவச் சோதனையில் பறக்கத் தகுதியில்லை என்று எழுதியதுதான் அவருக்கு நோயைவிட வலித்தது. ஆறு மாதம் படுக்கையில் இருந்தார். பார்க்க வந்த விமானிகளை நோயைப் பற்றிப் பேசவிடாமல், எந்த ஊருக்குப் புதிதாக விமானம் விடுகிறார்கள் என்றே கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு காலை ஜெபத்தில் அம்மா கையைப் பிடித்திருக்க, அமைதியாகப் பிரிந்தார்.

இப்போது புதிய நிறுவனம் ஒன்று சிறிய ஜெட் விமானங்களை மீண்டும் கொண்டுவரப் போவதாகச் சரவணன் சொல்கிறார். அவரை அழைத்திருக்கிறார்கள். அது நிலைக்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. போன வாரம் வந்து, "அக்கா இருந்தா என்னண்ணே சொல்லிருக்கும்?" என்று கேட்டார். "போகச் சொல்லிருக்கும். அப்படியே காத்தாடி லைசென்சையும் காலாவதியாக விட்றாதன்னு சொல்லிருக்கும்" என்றேன்.

அக்காவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வாரம் தவறாமல் வந்து ஜெபித்த ஆயர் ஐயா அவர்களுக்கும், ஆஸ்பத்திரிக்கு முறைவைத்து வந்த ஒன்பது விமானிகளுக்கும் நன்றி.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அடக்கத்தன்று சிம்மக்கல் மொத்த வியாபாரி ஒருவர் தேடி வந்தார். எங்களுக்கு அவரைத் தெரியாது. மழையில் ஓடுபாதை தெரியவில்லை என்று அக்கா ஒருமுறை விமானத்தைத் திருச்சிக்குத் திருப்பிவிட்டாராம். "மக நிச்சயதார்த்தத்துக்கு நேரமாச்சுன்னு அந்தம்மாவ விமானத்து வாசல்லயே நிக்க வச்சுத் திட்டிப்புட்டேன். ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. பாத்துப் போங்கண்ணேன்னு மட்டும் சொன்னாக" என்றார். பெட்டியருகே போய்க் கைகூப்பி நின்றார். அன்றைக்கு அம்மா அவரைச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார். அவருடைய அந்த மகளும் மருமகனும் இன்று நம் நடுவில் பந்தி பரிமாறிக்கொண்டிருக்கிறார்கள்.