வெஸ்பருக்கு முன் இரண்டு கொன்ட்ரோல்கள்

நடந்தவை இந்த வரிசையில் நடந்தன:

1. எங்கள் கோவில் திருவிழாவின் கொடியேற்றத்தன்று, பூசையில் குருவானவர் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்ற நேரத்தில், எல்லோரும் தலை குனிந்து மௌனமாக இருந்தபோது, என் தங்கச்சியின் எலெக்ட்ரிக் கிற்றார் ‘கர்ர்ர்’ என்றது. சத்தத்தைக் குறைக்கத்தான் அவள் வொலியூம் குமிழைத் தொட்டிருந்தாள்.
2. அடுத்த நவநாள் செபத்திலும் அதே கரகரப்பு. முன்வாங்கில் இருந்த மாமிமார் ஒருமிக்கத் திரும்பிப் பார்த்தார்கள்.
3. பாடகர் குழுவை நடத்தும் மாஸ்டர், இன்னொரு முறை இப்படி நடந்தால் திருவிழாவுக்கு முதல் நாள் மாலை நடக்கும் வெஸ்பர் ஆராதனைக்குக் கீபோர்ட் மட்டும் போதும் என்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.
4. மறுநாள் கரகரப்பு தானாக நின்றது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.
5. அதற்கடுத்த நாள், குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் கிற்றாரில் சத்தமே இல்லை.
6. தங்கச்சி கிற்றாரை என் கட்டிலில் கிடத்திவிட்டு, “நீ எஞ்சினியர்தானே, பார்” என்றாள்.

நான் எஞ்சினியர் இல்லை. மன்னார்த் தீவின் தென்கரையில் நிற்கும் காற்றாலைகளில் மின் பராமரிப்புச் செய்கிறேன். உயர்தரப் பௌதிகத்தில் அழுத்தமானி, அதாவது பொட்டென்ஷியோமீற்றர், என்று படித்தது மரப்பலகையில் இழுத்துக் கட்டிய நீளமான கம்பி. கிற்றாரின் குமிழுக்குக் கீழே இருப்பதும் அதன் உறவுதான் என்றாலும், அது ஒரு சோடாப் போத்தல் மூடி அளவுதான். கடைகளில் அதைக் கொன்ட்ரோல் என்பார்கள். இந்தக் கிற்றாரில் இரண்டு: ஒன்று வொலியூமுக்கு, மற்றது டோனுக்கு.

தங்கச்சி பாடகர் குழுவில் பாடுவதில்லை. கூட்டத்தில் அவள் குரல் வெளியே வராது. அவளுடைய பங்கு வேறு. வெஸ்பரில், நற்கருணை ஆசீருக்கு முந்திய பாட்டை அவள் தனியே தொடங்குவாள். வொலியூமைப் பூச்சியத்தில் வைத்துத் தந்தியைத் தட்டுவாள். பிறகு சின்னவிரலால் குமிழை மெல்ல உயர்த்துவாள். தட்டிய ஓசை கேட்காது; தூரத்தில் ஒருவர் வாய் திறக்காமல் முனகத் தொடங்கியதுபோல் சுரம் மட்டும் வரும். கோவிலில் எலெக்ட்ரிக் கிற்றாரா என்று முகம் சுளித்தவர்களை அமைதியாக்கியது அந்தச் சுரம்தான்.

“கீபோர்ட் ஒருக்கால் ஏறினால் பிறகு இறங்காது அக்கா. எனக்கு அங்க வேற இடமில்லை,” என்றாள்.

பின்தகட்டைக் கழற்றியதுமே மணத்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத மணம் இல்லை அது. அப்பாவின் படகு எஞ்சினுக்கு, துருப் பிடிக்காமல் அடிக்கிற ஸ்பிரேயின் மணம்.

அப்பா வேப்பமரத்தடியில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“அப்பா, கிற்றாருக்கு என்ன அடிச்சனீங்கள்?”

அவர் தலையை நிமிர்த்தவில்லை. “நானோ? கொஞ்சம்தான்.”

“எவ்வளவு கொஞ்சம்?”

“எஞ்சினுக்கு அடிக்கிற அளவு.”

“அது போட் எஞ்சின் இல்லையப்பா!” என்று தங்கச்சி கத்தினாள்.

“உப்புப் பிடிச்சால் எல்லாம் ஒண்டுதான் பிள்ளை. கேற் பிணைச்சலுக்கு அடிச்சனான், இளகினது. உன்ர சைக்கிளுக்கு அடிச்சனான், ஓடினது. கொம்மான்ர தையல் மெசினுக்கும் அடிச்சனான்.”

குசினிக்குள் இருந்து அம்மாவின் குரல் வந்தது. “அந்த மெசினில தைச்ச சட்டையெல்லாம் எண்ணெய் மணத்தது. அதையும் சொல்லுங்கோ.”

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாலு பக்கமும் கடல் உள்ள தீவில் காற்றே உப்புத்தான். இறுகினால் ஸ்பிரே, சத்தம் போட்டால் ஸ்பிரே, என்னவென்று தெரியாவிட்டால் முதலில் ஸ்பிரே. இங்கே கடலுக்குப் போகிற எல்லா வீட்டிலும் வைத்தியம் அதுதான். ஆனால் கொன்ட்ரோலுக்குள் இருப்பது இரும்பு இல்லை. மெல்லிய கரிப்பூச்சு ஒன்று, அதன்மேல் உரசிப்போகும் சின்னக் கை ஒன்று. ஸ்பிரே முதலில் உப்பைக் கழுவியது. அதனால் ஒரு நாள் சுகம். பிறகு கரியையும் கழுவிவிட்டது.

தங்கச்சி உள்ளே போன பிறகு அப்பா மெதுவாகக் கேட்டார்: “பழுதாக்கிப்போட்டனோ?”

“உப்பு எப்படியும் அதை முடிச்சிருக்கும் அப்பா. நீங்கள் கொஞ்சம் கெதியாக்கினீங்கள்,” என்றேன். அது உண்மையும்தான்.

வொலியூம் கொன்ட்ரோலின் முதுகில் இருந்த எழுத்து ஸ்பிரேயில் அழிந்திருந்தது. டோன் கொன்ட்ரோல் தப்பியிருந்தாலும், அதுவும் கரகரக்கத் தொடங்கியிருந்தது. அதன் இரண்டு கரைகளிலும் மல்ரிமீற்றரை வைத்தேன். இருநூற்றைம்பது கிலோ ஓமுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. இரண்டும் ஒரே பெறுமானமாக இருந்திருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். இந்த வகைக் கிற்றாருக்கு அதுதான் வழக்கம் என்று தேடியும் பார்த்தேன்.

மன்னார் டவுனில் ரேடியோவும் அம்பிளிபயரும் திருத்துகிற கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணரிடம், எல்லோரும் நானா என்று கூப்பிடுகிறவரிடம், போனேன். அவர் ஒரு டப்பாவைக் கவிழ்த்தார்.

“இருநூத்தம்பது இல்ல புள்ள. ஐநூறு இருக்கு. டபுள். டபுளாத் தந்தா கூடாதா?”

“இது அரிசி இல்லை நானா.”

“அப்ப கொண்டு போய்ப் பாருங்க. சரிவராட்டிக் கொண்டாங்க. சோல்டர் வச்சிட்டுக் கொண்டாந்தா எடுக்கமாட்டன்.”

“கிளிப்தான் போடுவன்.”

வீட்டில் கிளிப் வயர்களால் அதைக் கிற்றாருடன் பிடித்துக் கொடுத்தேன். தங்கச்சி தந்தியைத் தட்டிக் குமிழை உயர்த்தினாள். சுரம் ஊர்ந்து வரவில்லை, குதித்தது. இருட்டறையில் சுவிட்ச் போட்டதுபோல் தொடக்கத்திலேயே முழுச்சத்தமும் வந்துவிட்டது. மிச்சத் தூரம் சும்மா சுழன்றது. போதாததற்கு ஒலி தகரத்தில் நகம் கீறியதுபோல் கூர்மையாக இருந்தது.

“இதுக்குக் கீபோர்ட் பரவாயில்லை,” என்றாள் தங்கச்சி. அழுகைக்குப் பக்கத்தில் இருந்தாள்.

எனக்கோ அந்த இடத்தில்தான் முதல்முறையாகக் கொஞ்சம் நிம்மதி வந்தது. பிழை எதுவென்று காதால் கேட்டாயிற்று. கூர்மைக்குக் காரணம் ஐநூறு. இருநூற்றைம்பது மேற்சுரத்தைக் கொஞ்சம் விழுங்கும், எங்கள் கோவிலின் வெறுஞ்சுவருக்கு அது நல்லது. குதிப்புக்குக் காரணம் வேறு. நானாவின் கொன்ட்ரோலில் ‘பி’ என்று அச்சிட்டிருந்தது. அப்படியென்றால் தடை ஒரே சீராக, நேர்கோட்டில் ஏறும். காது அப்படிக் கேட்பதில்லை. காதுக்கு மடக்கைக் கணக்கில் ஏற வேண்டும்: தொடக்கத்தில் மிகமிக மெல்ல, கடைசியில் வேகமாக. அதற்கு ‘ஏ’ என்று அச்சிட்டிருப்பார்கள்.

கொழும்பில் ஒரு இசைக்கருவிக் கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். பெறுமானம், எழுத்து, தண்டு முழுத்தண்டா அல்லது பிளந்ததா, மரையின் தடிப்பு, மரையின் நீளம் என்று கேட்டுக்கொண்டே போனேன்.

“மிஸ், மாப்பிள்ளை பாக்கிறவங்ககூட இவ்வளவு கேக்கமாட்டாங்க,” என்றார் கடைக்காரர்.

“மாப்பிள்ளை சரிவராட்டி வேற பாக்கலாம். எங்களுக்கு வெஸ்பர் வருது.”

அவரிடம் இருந்தவை எல்லாம் பிளந்த தண்டு உள்ளவை. எங்கள் குமிழோ முழுத்தண்டுக்குச் செய்தது, பக்கத்துத் திருகால் இறுக்குவது. யோசித்தேன். பெறுமானத்தையும் ஏறும் விதத்தையும் நான் வீட்டில் மாற்ற முடியாது. துளை பெரிதென்றால் வாஷர் போடலாம். தண்டுக்கும் ஏதாவது செய்யலாம். “ரெண்டு அனுப்புங்கோ,” என்றேன்.

பார்சல் மன்னார் பஸ்ஸில், கொண்டக்டரின் கையில் வந்தது. வெஸ்பருக்கு முதல் நாள். இரண்டிலும் ‘ஏ’ என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. வேலையிடத்தில் அச்சை நம்பி எதையும் தொட எங்களை விடமாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் இரண்டையும் நடுவில் திருப்பி வைத்து அளந்தேன். முதலாவது, முழுத்தடையில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. அதுதான் மடக்கை. இரண்டாவது சரியாகப் பாதி காட்டியது. வெளியே ‘ஏ’, உள்ளே ‘பி’. திருப்பி அனுப்ப நேரம் இல்லை.

தங்கச்சியைக் கூப்பிட்டேன். “சரியானது ஒண்டுதான் இருக்கு. எங்க போட?”

“மற்றதைப் போட்டால் என்ன நடக்கும்?”

“டோனில போட்டால், மாற்றம் முழுக்க ஒரு கரையிலதான் நடக்கும். நடுவில பெரிசா ஒண்டும் தெரியாது.”

“டோனை நான் எப்ப தொட்டனான்? சரியானதை வொலியூமில போடு அக்கா.”

பின்னேரம் சோல்டர் வைத்தேன். கிளிப் இல்லாமல், உறுதியாக. வாஷர் பிடித்தது, நட் இறுகியது. குமிழைப் போட்டால் ஆடியது. தண்டு ஒரு மயிரிழை மெல்லிது. திருகை இறுக்கினால் பிளவு நெரிந்து குமிழ் ஒரு பக்கம் சாய்ந்தது. சின்னவிரல் பட்டவுடன் வழுக்கியது.

நாள் முழுக்க எங்களைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒன்றையும் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற அப்பா கிட்ட வந்தார்.

“நூல் சுத்தலாமோ?” என்றார். “வலை நூல்தான். புதுசு. ஈரமில்லை. எண்ணெயும் இல்லை.”

தங்கச்சி அவரைப் பார்த்தாள். பிறகு கிற்றாரை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

வலைக் கண்ணுக்குச் சுற்றுகிற அதே இறுக்கத்தில் அப்பா தண்டில் நூலைச் சுற்றினார். முடிச்சுப் போடவில்லை, நுனியைச் சுற்றுக்குள்ளேயே செருகினார். குமிழை வைத்து அழுத்தினார். ஆடவில்லை. திருகுக்கு வேலையே இருக்கவில்லை.

“ஸ்பிரே எங்க அப்பா?” என்று தங்கச்சி கேட்டாள்.

“படகில. அங்கயே இருக்கட்டும்.”

வெஸ்பர் அன்று நானும் அப்பாவும் பக்கவாசலில் நின்றோம். பிரசங்கம் எதைப்பற்றி என்று இருவருக்கும் தெரியாது. நற்கருணை வைக்கப்பட்டு, தூபம் எழுந்து, சனம் முழந்தாளிட்டு அடங்கியது. மாஸ்டர் தங்கச்சி பக்கம் திரும்பினார். கீபோர்ட்காரப் பெண்ணின் கைகளும் தயாராகக் கட்டைகளின்மேல் இருந்ததைக் கண்டேன். அப்பா என் முழங்கையைப் பிடித்தார்.

தங்கச்சி தந்தியைத் தட்டியது எனக்குத் தெரிந்தது, கேட்கவில்லை. அவளுடைய சின்னவிரல் அசைந்தது. முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு எங்கிருந்து தொடங்கியது என்று சொல்ல முடியாதபடி அந்தச் சுரம் இருந்தது. வளர்ந்தது. கரகரப்பு இல்லை. நான்கு சுரம் போன பிறகுதான் குழு பாடத் தொடங்கியது. கீபோர்ட்காரப் பெண் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்பா என் கையை விட்டு மூக்கைத் துடைத்தார். “புகை,” என்றார்.

வெளியே மாஸ்டர் தங்கச்சியிடம், “உந்தக் கரகரப்பு எங்க பிள்ளை போனது?” என்று கேட்டார்.

“கடலுக்குப் போயிட்டுது மாஸ்டர்,” என்றார் அப்பா, அவளை முந்திக்கொண்டு.

மாஸ்டர் சிரித்தார். “அப்ப நாளைக்குத் திருவிழாப் பூசைக்கும் நீயே தொடங்கு.”

இப்போதைய நிலை இது. வொலியூமில் மடக்கை இருக்கிறது, டோனில் நேர்கோடு இருக்கிறது, இரண்டும் இருநூற்றைம்பது. நானாவின் ஐநூறு சோல்டர் படாமல் திரும்பிப் போய்விட்டது. வலை நூல் தண்டிலேயே இருக்கிறது. நல்ல குமிழ் வாங்கலாம் என்று சொன்னேன், தங்கச்சி வேண்டாம் என்றாள். கிற்றாரைப் பொலித்தீன் பையில் கட்டி வைக்கிறோம். அவள் குழுவில் இருக்கிறாள். வெஸ்பர் பாட்டை அவளே தொடங்குகிறாள்.