பாலமுனையில் அறுந்த பெல்ட்

என் கூடப்பிறந்த மூத்தவர், என் காக்கா, கத்தாரில் பல வருடங்கள் லொறி ஓட்டியவர். ஓட்டினார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊருக்குத் திரும்பிய நாளிலிருந்து, எஞ்சினைக் கண்டுபிடித்தவரே தான்தான் என்பதுபோல நடந்துகொண்டார். கல்முனையில் யார் பொனட்டைத் திறந்தாலும் பக்கத்தில் போய் நிற்பார். கை அழுக்காகாது. வாய் மட்டும் வேலை செய்யும்.

நான் வீட்டில் அபாயா தைத்து, பொத்துவில்வரை உள்ள கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவள். அதற்காகவே ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கியிருந்தேன். ஒருநாள் அதைத் திருப்பும்போது முன்சில்லுப் பக்கம் 'டக் டக்' என்று கேட்டது. நேராக ஓடும்போது சத்தமே இல்லை. குனிந்து பார்த்தேன். சில்லின் உட்புறமெல்லாம் கறுப்பு கிரீஸ் தெறித்திருந்தது. அக்சில் முனையை மூடியிருக்கும் றப்பர் உறை கிழிந்து தொங்கியது.

"கியர்பொக்ஸ் போயிட்டு," என்றார் காக்கா, குனியாமலே.

"திருப்பினாத்தானே காக்கா கேக்குது. உள்ளுக்க றப்பர் கிழிஞ்சிரிக்கி, ஒருக்காப் பாருங்க."

"நீ சும்மா இரி புள்ள. பொண்டுகள் கார் ஓடலாம், பழுது பாக்க ஏலா."

உம்மாவும் அவர் பக்கம்தான். வெளிநாட்டில் வாகனத்தோடேயே கிடந்தவன் பொய் சொல்வானா என்றார். காக்காவின் கூட்டாளி ஒருவர் வந்து, நன்றாக இருந்த கியர்பொக்ஸைக் கழற்றிவிட்டு, எங்கேயோ தேடிப்பிடித்த இன்னொரு பழைய கியர்பொக்ஸைப் பூட்டினார். முதல் வளைவிலேயே அதே 'டக் டக்'.

"புதுசுதானே, பழகணும்," என்றார் காக்கா. யாரோ பாவித்துக் கழித்த சாமான் என் காரோடு பழக வேண்டுமாம்.

கொஞ்ச நாளில் வேறொரு சத்தம் சேர்ந்தது. இது எஞ்சினின் ஓரத்தில், பெல்ட் மூடிக்குள்ளிருந்து வந்தது. ஈரத் துணியைச் சுவரில் அடிப்பதுபோல் இருந்தது. எண்ணெய் கருகும் மணமும் வந்தது. அதையும் சொன்னேன்.

"பழைய கார் எண்டா கதைக்கும்," என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களுக்கும் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அடுத்த முறை பொத்துவில் போனபோது தனக்கும் அங்கே ஒரு அலுவல் இருக்கிறதென்று காக்காவும் ஏறிக்கொண்டார். பாலமுனையைக் கடக்கும்போது எஞ்சின் ஒரு இருமல்கூட இல்லாமல் நின்றுபோனது. மறுபடி ஸ்டார்ட் பண்ணத் திறப்பைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட லேசாக, பாரமே இல்லாததுபோல் சுழன்றது. உள்ளே ஏதோ அறுந்து விட்டுப்போயிருக்கிறது என்று எனக்குப் பட்டது.

"பெற்றோல் வருகுதில்ல, தள்ளிரி," என்று என்னை இறக்கிவிட்டு அவர் உட்கார்ந்தார். மறுபடி மறுபடி ஸ்டார்ட் அடித்தார். பிறகு வீதியோரத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டு, காரைக் கியரில் போட்டுத் தள்ளச் சொன்னார். தள்ளினார்கள். எஞ்சினுக்குள் இரும்போடு இரும்பு மோதியது எனக்கே கேட்டது. "இன்னொருக்காத் தள்ளுங்க," என்றார்.

நான் ஜன்னலுக்குள் கைவிட்டுத் திறப்பை உருவினேன்.

"இறங்குங்க காக்கா."

"என்ன புள்ள இது, சனம் பாக்குது."

"பாக்கட்டும். இறங்குங்க."

ஒரு உழவு இயந்திரத்தின் பின்னால் கயிறு கட்டி அக்கரைப்பற்றில் ஒரு கராஜுக்கு இழுத்துப் போனோம். அங்கிருந்த மெக்கானிக் பாஸ், யாரைக் கண்டாலும் எரிந்து விழுகிறவர். மூடியைக் கழற்றினார். டைமிங் பெல்ட் எண்ணெயில் ஊறி, பல் உதிர்ந்து, நார்நாராகக் கிடந்தது.

"சீல் ஒழுகி எண்ணெய் முழுக்க பெல்ட்டுல. முந்தியே சத்தம் கேட்டிரிக்குமே?"

"கேட்டது," என்றேன்.

"அறுந்த பொறகு ஆரு ஸ்டார்ட் அடிச்ச?"

காக்கா மூலையில் குவித்திருந்த பழைய டயர்களைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பெல்ட் அறுந்தால் வால்வுகள் நின்ற இடத்திலேயே நிற்கும், பிஸ்டன் மட்டும் மேலேறி வந்து அவற்றில் மோதும், சுழற்றச் சுழற்றச் சேதம் கூடும் என்று பாஸ் அவரைப் பார்த்துத்தான் சொன்னார். எஞ்சின் தலையைக் கழற்றியபோது வளையாத வால்வுகளை எண்ணுவதுதான் சுலபமாக இருந்தது.

அந்த பாஸும் உத்தமர் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு முதல் தருவேன் என்றார். எந்த வெள்ளிக்கிழமை என்று சொல்லவில்லை. கடைசியில் நானே போய் உட்கார்ந்துகொண்டேன். சீல், பெல்ட், அதை இழுத்துப் பிடிக்கும் உருளை எல்லாம் புதிதாகப் போட்டதைக் கண்ணால் பார்த்தேன். பற்சில்லுகளின் அடையாளங்கள் நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று எஞ்சினைக் கையால் சுற்றிக் காட்டச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே காட்டினார். கிழிந்த உறையோடு, அது மூடியிருந்த அக்சில் மூட்டு முழுவதையும் மாற்றச் சொன்னேன். 'டக் டக்' அன்றோடு போனது.

அடுத்து வந்த பெருநாளில் உம்மா வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது காக்கா வட்டிலப்பத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினார். "சத்தத்தக் கேட்ட உடனே எனக்கு விளங்கிட்டு, பெல்ட் எண்டு. புள்ளைக்கிட்டச் சொல்லிப் பாத்த, கேட்டாத்தானே."

உம்மா பெருமையோடு தலையாட்டினார். உறவுக்காரர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். வாயைத் திறந்து மறுத்துப் பேசவேண்டிய அளவுக்குக்கூட அவர் எனக்குப் பெரிய ஆளாகத் தெரியவில்லை. எழுந்து திறப்பை எடுத்தேன்.

"சாய்ந்தமருதுப் பக்கம் போறியா? என்னையும் இறக்கி உடு," என்று பின்னால் வந்தார்.

"பஸ் வரும் காக்கா," என்று சொல்லிவிட்டுக் கதவை மூடினேன்.